பழைய மதராஸ் படக் கார்டு: முதலில் பின்பக்கம்!

மவுண்ட் ரோடு, பாரிமுனை என்று பழைய தெருப் படம் அச்சிட்ட தபால் கார்டு கையில் கிடைத்தால் உடனே திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும் என்றால் ரொம்பப் பழசு. ஒரு பாதி சேதிக்கு, மறு பாதி முகவரிக்கு என்று பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்த கார்டை பிரிட்டன் அனுமதித்ததே 1902-ல்தான். அதற்கு முன் படத்தின் ஓரத்திலேயே நுணுக்கி நுணுக்கிச் சேதி எழுதுவார்கள். படத்தைவிட அந்தக் கையெழுத்துதான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் தெருவைப் பாருங்கள். மின்சார டிராம் நின்றால் 1895-க்கும் 1953-க்கும் இடையில் எடுத்த படம். தபால் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். அச்சான கார்டு கடையில் பல வருடம் கிடந்திருக்கலாம்.

ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள். முத்திரையும் சேதியும் போய்விடும். பி.வி.சி. உறையும் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் என்கிற வேறு வகை பிளாஸ்டிக் உறை வாங்குங்கள்.