வாட்ச் காட்டும் ஸோனை நம்பி நடப்பவர்கள், ஓடுபவர்கள் செய்யும் தவறுகள்

பெரியப்பாவுக்கு 60 வயது. ஒருநாள் காலை நடையில் பாதி வழியிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை என்னோடு கதை பேசிக்கொண்டுதான் வந்தார். மூச்சு வாங்கவில்லை, தலைசுற்றல் இல்லை. கையிலிருந்த வாட்ச் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 130 என்று காட்டி, ‘ஸோன் 4’ என்று நிறம் மாறியிருந்தது. ஸோன் என்பது, துடிப்பு உச்சத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, லேசிலிருந்து கடினம் வரை வாட்ச் பிரிக்கும் படி. அதைப் பார்த்துத்தான் பயம்.

வாட்ச் செய்தது ஒரே ஒரு கழித்தல். 220-இலிருந்து வயதைக் கழித்து, அவருடைய உச்சத் துடிப்பு 160 என்று வைத்துக்கொண்டது. 130 அதில் 81 சதவீதம். 1971-இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய தோராயக் கணக்கு இது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே உண்மையான உச்சம் 10, 12 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சகஜம். 2001-இல் டனாகா குழு தந்த சூத்திரத்தில் (208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும்) அவருக்கு 166 வரும். அதுவும் சராசரிதான். ஆகவே எண்ணோடு பேச்சையும் சேர்த்துப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கே மூச்சு இழுத்தால் கடினம்.

அடுத்தது, இரண்டு கணக்குகளைக் கலப்பது. 45 வயது, உச்சம் 175, காலையில் எழுந்ததும் துடிப்பு 65 என்று வைப்போம். உச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் என்றால் 105 முதல் 122 வரை. காலைத் துடிப்பையும் கணக்கில் சேர்க்கும் கார்வோனன் முறையில் 175-இலிருந்து 65-ஐக் கழித்து, மீதி 110-க்கு அதே சதவீதம் போட்டு, 65-ஐத் திரும்பக் கூட்டினால் 131 முதல் 142! வாட்சில் ஒரு முறை, பயிற்சி அட்டவணையில் வேறு முறை இருந்தால் குழப்பம்தான்.

என்னைக் கேட்டால், அதிகம் கெடுப்பது இதெல்லாம் இல்லை. லேசாக ஓட வேண்டிய நாளிலும் வேகமாக ஓடுவதுதான். பக்கத்தில் ஒருவர் முந்தினால் கால் தானாக எட்டிப் போடும். தினமும் நடுத்தர வேகத்திலேயே ஓடினால், வேகமாக ஓட வேண்டிய நாளில் காலில் தெம்பு இருக்காது. லேசான ஓட்டத்துக்கான ஸோன் 2-இலேயே இருக்க, ஓடாமல் நடக்கத்தான் வேண்டியிருக்கிறதா? சரி, நடங்கள். சில மாதங்களில் அதே துடிப்பில் ஓட வரும்.

வாட்ச் பட்டை தளர்வாக இருந்தால், சில நேரம் துடிப்புக்குப் பதில் காலடிகளை எண்ணிவிடும். மெதுவாக ஓடும்போதே 165 காட்டினால் நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். குறுகிய வேக ஓட்டத்தில் ஸோனைப் பார்ப்பதே வீண். துடிப்பு ஏறி வருவதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும்.

அப்புறம் வெயில். புழுக்கத்தில் முக்கால் மணி நேரம் ஓடினால், வேகம் மாறாமலே துடிப்பு ஏறும். வியர்வையில் நீர் போகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது. உடல்தகுதி குறைந்துவிட்டது என்று வருந்தாமல் வேகத்தைக் குறையுங்கள்.

மெட்டோபிரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன சூத்திரம் எதுவும் பொருந்தாது, மாத்திரை துடிப்பை ஏறவிடாது. எந்த எண் வரை போகலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால், வாட்ச் ஸோன் 1 காட்டினாலும் அங்கேயே நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.