முள் 100, போன் 96: இதற்காக டயரை மாற்றாதீர்கள்

புதிதாகக் கார் வாங்கியவர்கள் முதல் நெடுஞ்சாலைப் பயணம் முடிந்ததும் பட்டறைக்கு ஒரு புகாரோடு வருகிறார்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது போனில் உள்ள ஜி.பி.எஸ். 96 என்கிறது, வண்டியில் ஏதோ கோளாறு. மீட்டர் வேலை கற்ற காலத்தில் நானும் இந்தக் குழப்பங்களை எல்லாம் தாண்டித்தான் வந்தேன் என்பதால் சிரிப்பதில்லை. ஆனால் ஆள் மாற்றி ஆள் அதே குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. அப்படி விழும் குழிகளைத்தான் கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள் என்பது போன்ற, யாருக்கும் தெரிந்த அறிவுரைகளை இங்கே எழுதப் போவதில்லை.

வித்தியாசத்தைக் கோளாறு என்று நினைப்பது

ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டும்படிதான் தொழிற்சாலையிலேயே அமைக்கப்படுகிறது. ஐரோப்பா உட்படப் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை எண் 39 இதைத் தெளிவாகச் சொல்கிறது. முள் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது, கூடலாம். எவ்வளவு கூடலாம் என்றால், உண்மை வேகத்தில் பத்து சதவீதம், அதற்கு மேல் ஒரு 4 கி.மீ. உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியின் முள் 114 வரை எங்கே நின்றாலும் விதிக்கு உட்பட்டதுதான். 99-இல் நின்றால் விதிமீறல்.

தயாரிப்பாளரின் நிலையில் இருந்து பாருங்கள். புது டயரில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பரின் பள்ள ஆழம், சுமார் 8 மி.மீ. இருக்கும், மாற்றியே ஆக வேண்டிய கட்டத்தில் 1.6 மி.மீ. இந்தத் தேய்மானம் மட்டுமே கணக்கில் 2 சதவீதம் வரை வித்தியாசம் தரும். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று டயர் அளவுகள் வேறு. எந்தக் கலவையிலும் முள் குறைத்துக் காட்டக் கூடாது என்றால், வீட்டுக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டி வைப்பது போலக் கொஞ்சம் கூட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே ஓடும் கார்களில் நான் சோதித்தவையும் பெரும்பாலும் கூட்டியே காட்டுகின்றன. எனவே 100-க்கு 96 என்பது ஆரோக்கியமான வண்டி. ஷோரூமில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

கேபிள் வைத்த பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகள் வேறு கதை. அவற்றில் சுழலும் காந்தம் ஒரு உலோகக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து வைக்கும். வில் தளர்ந்தால் கணக்கே மாறிவிடும். முள் நடுங்கினால் கேபிளைப் பாருங்கள்.

முள்ளைச் சரிசெய்ய டயரை மாற்றுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு இளைஞர் வந்தார். அவருடைய காருக்கு உரிய டயர் 185/65 ஆர்15. டயர் கடையில் யாரோ, கொஞ்சம் பெரிய டயர் போட்டால் முள்ளும் ஜி.பி.எஸ்ஸும் ஒன்றாகிவிடும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். கணக்கில் தவறில்லை; என் எரிச்சலுக்குக் காரணமே அதுதான். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ., 205/65 ஆர்15 டயருக்கு 647.5 மி.மீ. நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அந்த அளவு கூடுதலாக நகரும். முள் அதே 100-இல் நிற்க, 96 ஆக இருந்த உண்மை வேகம் 100 ஆகிவிடும். பாதிகூடத் தேயாத நான்கு டயர்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, புதிதாக நான்கைப் போட்டுக்கொண்டு வந்து, “அண்ணா, இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது பாருங்கள்” என்று போனை நீட்டினார். எவ்வளவு செலவு என்று நான் கேட்கவில்லை, வயிறு எரிந்தது.

அடுத்த முறை வந்தபோது மைலேஜ் விழுந்துவிட்டது என்றார். வேறொரு பட்டறையில் இன்ஜெக்டர் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக்கும் மாற்றியாகிவிட்டது. பலன் இல்லை. எப்படி இருக்கும்? முள்ளில்தான் கூட்டி வைப்பார்கள். கடந்த தூரத்தை எண்ணும் ஓடோமீட்டரில் அந்தக் கூட்டல் பெரும்பாலும் கிடையாது. பழைய டயரில் சரியாக எண்ணிக்கொண்டிருந்த ஓடோமீட்டர், பெரிய டயர் வந்ததும் 500 கி.மீ. ஓடினால் 480 என்று எழுதத் தொடங்கியது. அந்தத் தூரத்துக்கு 25 லிட்டர் பெட்ரோல் என்றால், லிட்டருக்கு 20 கி.மீ. கிடைத்த மைலேஜ் காகிதத்தில் 19.2 ஆகிவிட்டது. அகலமான டயரின் கூடுதல் இழுவை அதற்கு மேல். நான்கு கிலோமீட்டர் வித்தியாசத்தைத் தீர்க்கப்போய், சரியாக இருந்த ஒரே மீட்டரையும் கெடுத்துக்கொண்டார்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்த கோடு. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் அங்கே உரசியிருக்கிறது. சத்தம் கேட்டதா என்றேன். பாட்டு போட்டிருந்தாராம்.

ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே கிடந்தது. ஒரு நாள் இரவு பஞ்சராகி அதை மாட்டியதும், அந்தச் சக்கரம் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்ற, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. ஏ.பி.எஸ். கோளாறு என்று அதற்கும் செலவு செய்யக் கிளம்பியவரை நல்லவேளையாக நிறுத்தினேன்.

இதில் ஆபத்தானது எது என்றால், முள்ளுக்கும் உண்மைக்கும் நடுவில் தயாரிப்பாளர் விட்டிருந்த இடைவெளி காணாமல் போனதுதான். பல வண்டிகளில் அந்த இடைவெளி எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. 100-இல் கச்சிதமாகப் பொருந்தும்படி டயர் போட்டால், 120-இல் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கலாம். போலீஸாரின் ரேடார் உங்கள் முள்ளைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்க்கிறது.

டயர் அளவை மாற்றியே தீர வேண்டுமானால் விட்டத்தைக் கணக்கிடுங்கள். 185/65 ஆர்15 என்றால் 185 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 15 என்பது ரிம்மின் அங்குலம். சுவரின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கி, 25.4-ஆல் பெருக்கிய ரிம் அங்குலத்தோடு கூட்டினால் விட்டம் வந்துவிடும். 185/65 ஆர்15-க்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9, ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அதற்கும் முன்னால் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் இருக்கும் அளவு போதும் என்று இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

ஓ.பி.டி. கருவியை மூன்றாம் சாட்சியாகக் கூப்பிடுவது

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, வண்டியின் கணினியில் உள்ள எண்களைப் படிக்கும் அந்தச் சின்னக் கருவி, முள்ளைவிடக் குறைவாகவும் ஜி.பி.எஸ்ஸுக்கு நெருக்கமாகவும் காட்டுவதைப் பார்த்துப் பலர் அதை நீதிபதி ஆக்கிவிடுகிறார்கள். அது வெளியே போய் எதையும் அளப்பதில்லை. சக்கரம் சுற்றுவதை வண்டியின் கணினி எண்ணி, தன்னிடம் உள்ள டயர் சுற்றளவால் பெருக்கிய எண்ணைத்தான் சொல்கிறது, அதுவும் தசமம் இல்லாமல். நீங்கள் டயரை மாற்றியது அதற்குத் தெரியாது. அந்த இளைஞரின் காரில் முள் 100, ஜி.பி.எஸ். 100, ஓ.பி.டி. 96 என்று வந்தது. அதைப் பார்த்து அவர் ஜி.பி.எஸ்ஸைச் சந்தேகிக்கத் தொடங்கினார்!

வேகம் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஒப்பிடுவது

செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மாறும் அளவை வைத்து ஜி.பி.எஸ். வேகத்தைக் கணிக்கிறது. திறந்த வானம், நேரான சாலை, மாறாத வேகம் என்றால் முள்ளைவிட அதை நம்பலாம். ஆனால் போன் செயலிகள் எண் துள்ளாமல் இருக்கக் கொஞ்சம் சராசரி எடுத்துக் காட்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது போன் பின்தங்கும். பிரேக் பிடித்தால் நின்ற வண்டியையும் ஒரு கணம் ஓடவைக்கும்.

கொல்லிமலையில் சோதிப்பது

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வேண்டாம்.

டயர் காற்றின் மேல் பழி போடுவது

காற்று கொஞ்சம் குறைந்தாலும், ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை சுற்றளவை அவ்வளவு எளிதில் மாற விடாது. காற்றைச் சரியாக வையுங்கள், வேறு காரணங்களுக்காக.

வித்தியாசத்தைச் சலுகையாக எடுத்துக்கொள்வது

‘எல்லை 100, என் முள் நாலு கூடக் காட்டுகிறது, அதனால் 104 வரை போகலாம்.’ தாராளமாக, அபராதச் சீட்டைப் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒரே வேகத்தில் பார்த்து முடிவு கட்டுவது

40, 60, 80, 100 என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வேகம் நிலைத்தபின், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். போனையே நம்பாதவர்களுக்குச் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. முள்ளை 80-இல் நிறுத்தி, ஐந்து கிலோமீட்டருக்கு ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, 18,000-ஐ விநாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் வரும். 235 விநாடி என்றால் 76.6. ஒரே கல்லோடு முடித்தால் ஒரு விநாடிப் பிசகுக்கே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தவறும்; ஐந்து கல்லுக்கு அது 0.3 ஆகச் சுருங்கிவிடும். புதுப் பைபாஸ் வந்த இடங்களில் கற்களின் வரிசை தப்பியிருக்கலாம், அங்கே அளக்காதீர்கள்.