செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் ஹால் ரோடு பக்கம் கடை தேடும் முன்னாடியே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: உள்ளே இருக்கும் ப்ராசஸர் சிப் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பெரும்பாலான பழைய சிப்களை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. வெளியே 'ஐ5' ஸ்டிக்கர் இருந்தால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் 'ஐ5-8250' மாதிரி எண்ணைப் பாருங்கள், கோடுக்கு அடுத்த அந்த 8-தான் தலைமுறை.

ராம் 8 ஜிபி, கூடவே எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு). ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதா, சரி, எஸ்எஸ்டி மாற்றும் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆபீஸ்களில் ஓடிய லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் கிடைத்தால் விடாதீர்கள், உடம்பு கெட்டி.

அப்புறம் சோதனை. நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்துங்கள், மூடியைத் திறந்து மூடி கீலைப் பாருங்கள், ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்கிறதா என்று கவனியுங்கள். முக்கியமாக, சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள். தங்கைக்கு வாங்கும்போது நான் அதைச் செய்யவில்லை. திருமங்கலம் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் கரண்ட் போனதும் லேப்டாப்பும் அணைந்துவிட்டது, பேட்டரிக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதாயிற்று.

பில்லில் சீரியல் எண்ணையும் வாரண்டி நாளையும் எழுதி வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.