பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை பெட்டி டைல்ஸ்?

பத்துக்குப் பன்னிரண்டு அறை, 120 சதுர அடி. 'ரெண்டுக்கு ரெண்டு' டைல்ஸ் நாலு கொண்ட பெட்டி 16 சதுர அடி. வகுத்தால் ஏழரை, எட்டுப் பெட்டி வாங்கினால் போதும். பெரும்பாலோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். தவறு தொடங்குவதும் இங்கேதான்.

அந்த டைல் உண்மையில் இரண்டு அடி இல்லை. அது 600 மில்லிமீட்டர், அதாவது 23.6 அங்குலம். பெட்டிக்கு 15.5 சதுர அடிதான் வரும். இந்த வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தரையில் நன்றாகத் தெரியும். பன்னிரண்டு அடிச் சுவர் நெடுக ஆறு முழு டைல் போட்டபின் கடைசியில் சுமார் இரண்டு அங்குல இடம் மிஞ்சும். பத்து அடிப் பக்கமும் அப்படியே. அந்த மெல்லிய பட்டை கட்டிலுக்கோ பீரோவுக்கோ அடியில் மறைந்தால் பரவாயில்லை. மறையாது என்றால் நல்ல மேஸ்திரி நடுவிலிருந்து தொடங்கி, வரிசைக்கு ஒரு முழு டைலைக் குறைத்து, எதிரெதிர்ச் சுவரோரங்களில் சமமாக வெட்டிப் போடுவார். அப்போது ஓரத்துண்டு ஒவ்வொன்றும் பன்னிரண்டரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், பாதி டைலைவிட அதிகம். ஒரு டைலில் இரண்டு துண்டு கிடைக்காது. வரிசைக்கு ஏழு, ஆறு வரிசை, 42 டைல். உடைசலுக்கு இரண்டு சேர்த்தால் 11 பெட்டி. வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளிலேயே சுவரடியில் ஒட்டும் நாலு அங்குலப் பட்டையை (ஸ்கர்ட்டிங்) எடுத்துவிடலாம்.

ஆகவே 'பத்து சதவீதம் வேஸ்டேஜ் போடுங்க' என்ற கடைக்காரர் வாக்கை மட்டும் நம்பாதீர்கள். அவர் கணக்கில் ஒன்பது பெட்டிதான் வரும். கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து, எங்கிருந்து தொடங்குவது என்று மேஸ்திரியுடன் முடிவு செய்து, டைலை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அரைமணி நேர வேலைதான்.

அளவெடுப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 11 அடி 10 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 11.10 என்று தட்டுவார்கள். சரியான எண் 11.83. பன்னிரண்டு அடி அகலத்துக்கு இதனால் கிட்டத்தட்ட 9 சதுர அடி குறைந்துவிடும். அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகே அடியோடு சேர்க்க வேண்டும். பூச்சு முடிந்த பிறகு, சுவரின் இரண்டு முனையிலும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைமட்டம் சரியாக உள்ள அறை அபூர்வம்.

'குறைந்தால் பிறகு வாங்கிக்கலாம்' என்ற எண்ணத்தால் எங்கள் வீட்டு ஹாலே கெட்டது. இரண்டு பெட்டி குறைந்துவிட்டது. அதே கடையில் அதே டிசைன்தான் வாங்கினோம், ஆனால் பேட்ச் நம்பர், அதாவது எந்தத் தடவை தயாரித்த சரக்கு என்று காட்டும் எண், வேறு. காலையில் ஒன்றும் தெரியாது. மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது கடைசி இரண்டு வரிசை மட்டும் லேசாக மஞ்சளடிக்கும். ஒன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வண்டியிலிருந்து இறக்கும்போதே எல்லாப் பெட்டியிலும் பேட்ச் நம்பரும் ஷேடும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

திரும்ப எடுப்பார்கள் என்றாலும் ஒரு பெட்டியைக் கொடுக்காமல் பரண்மேல் வையுங்கள். என்றைக்காவது தரைக்கடியில் பைப் கசிந்து நாலு டைலை உடைக்க நேர்ந்தால், அன்று அந்த டிசைன் எந்தக் கடையிலும் இருக்காது.