கடை, குடோன் இன்சூரன்ஸ் க்ளெய்மை மறுத்துவிட்டார்களா? அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குங்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் அச்சகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். பக்கத்துத் தெரு குடோனில் அடுக்கியிருந்த காகிதம் முழுக்க ஊறிக் கூழாகிவிட்டது. பல வாரம் அலைந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது: "சரக்கு இருந்த இடம் பாலிசியில் இல்லை, எனவே க்ளெய்ம் ஏற்கப்படவில்லை." அப்பா அதைப் படித்து, மடித்து, பீரோவில் வைத்துவிட்டார். அதோடு எல்லாம் முடிந்தது என்றே நினைத்தார். அன்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எழுத்தில் வாங்குங்கள்

"கிடைக்காது சார்" என்று ஏஜென்ட் போனில் சொல்வது மறுப்பு ஆகாது. எந்த நிபந்தனையின் கீழ், எந்தக் காரணத்துக்காக மறுக்கிறார்கள் என்று கடிதமாகத் தரச்சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். இதில் ஒரு பலம் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிறகு வழக்கில் கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கடிதத்தில் இருக்கும் காரணத்துக்கு மட்டும்தான். நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இருபது வருடமாகப் பிரீமியம் கட்டியதையும் குடும்பக் கஷ்டத்தையும் நான்கு பக்கம் எழுதுவார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

படி 2: முழுப் பாலிசியும் சர்வே அறிக்கையும்

கையில் இருக்கும் இரண்டு பக்க அட்டவணை முழுப் பாலிசி அல்ல. நிபந்தனைகள், பின்னால் சேர்த்த திருத்தங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். கடனுக்காக வங்கியே போட்ட பாலிசி என்றால் அதன் நகல் பெரும்பாலும் வங்கியில்தான் தூங்கும். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயரின் அறிக்கையையும் எழுதிக் கேளுங்கள். அதன் நகலைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. சர்வேயர் எழுதியதுதான் முடிவு என்று பயப்பட வேண்டாம். அது கடைசி வார்த்தை அல்ல என்று பிரதீப் குமார் வழக்கில் 2009-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதைத் தள்ள வைக்க உங்களிடம் ஆவணம் வேண்டும்.

படி 3: காரணத்துக்கு ஏற்ற காகிதம்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

முகவரித் தகராறு: எங்கள் பிரச்சினை இதுதான். பாலிசியில் அச்சக முகவரி மட்டும் இருந்தது. ஆனால் வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில், அதாவது சரக்கு இருப்புக் கணக்கில், குடோன் முகவரி இருந்தது. அதைப் பார்த்துப் பாலிசி எடுத்ததும் வங்கிதான். அந்தப் பன்னிரண்டு மாதத் தாள்களை இணைத்து எழுதிய பிறகுதான் கோப்பு மறுபடி திறந்தது. பதினோராவது மாதம் முக்கால் பங்குத் தொகை வந்தது. இன்று என்றால் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் இடமாகக் காட்டியதும், வாடகை ஒப்பந்தமும், மின் கட்டண ரசீதும் உதவும். எந்த ஆவணத்திலும் அந்த இடமே இல்லை என்றால் ஜெயிப்பது கடினம்.

தாமதமாகச் சொன்னீர்கள் என்றால்: உண்மையான க்ளெய்மைத் தாமதம் என்ற ஒன்றுக்காகவே இயந்திரத்தனமாக மறுக்கக்கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. தண்ணீர் எப்போது வடிந்தது, மின்சாரம் எப்போது வந்தது, யாருக்கு முதலில் போன் செய்தீர்கள் என்று தேதிவாரியாக எழுதுங்கள்.

தீக்குக் காரணம் தெரியவில்லை என்றால்: காப்பீடு செய்தவரே தீ வைக்கவில்லை என்றால், தீ எப்படிப் பிடித்தது என்பது முக்கியமில்லை என்று 2023-இல் முதித் ரோட்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீயணைப்புத் துறை அறிக்கையும் காவல் நிலைய மனுவும் போதுமான தொடக்கம்.

தொகையை வெட்டியிருந்தால்: குடோனில் 40 லட்சத்துக்குச் சரக்கு, பாலிசி 20 லட்சத்துக்கு, சேதம் 10 லட்சம் என்றால் 5 லட்சம்தான் தருவார்கள். குறைத்துக் காப்பீடு செய்ததற்கான கழிவு அது. இந்தக் கணக்கு சரிதான். ஆனால் உங்களுடையது 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி என்றால், குறைவு 15 சதவீதத்துக்குள் இருக்கும்வரை வெட்டக்கூடாது. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரை உள்ள தொழில்களுக்கு இதுதான் பாலிசி.

பிரீமியம் குறைய வேண்டும் என்று வெள்ள அபாயத்தையே நீக்கி வாங்கியிருந்தால், மன்னிக்கவும், அதில் அலைவது வீண்.

படி 4: குறைதீர் அதிகாரிக்கு ஒரே ஒரு கடிதம்

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். பாலிசி எண், க்ளெய்ம் எண், மறுப்புக் கடிதத் தேதி, அவர்கள் சொன்ன காரணம், அதற்கு உங்கள் பதில், இணைப்புகளின் பட்டியல், எவ்வளவு தொகை வேண்டும் என்பது. அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசா இணையதளத்திலும் பதியுங்கள். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

இதற்கு நடுவே "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற ரசீதில் கையெழுத்து கேட்கக்கூடும். அவசரத்துக்குப் பணம் தேவை என்றால் "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அன்றே மின்னஞ்சலிலும் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த ரசீதைக் காட்டி உரிமையைப் பறிக்கக்கூடாது என்று 2015-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருந்தாலும், நம் கையில் ஒரு வரி இருப்பது நல்லது.

படி 5: ஒரு மாதம் ஆகியும் பலன் இல்லையா?

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தொழில் பாலிசிகளில் தனி உரிமையாளர் நிறுவனங்களும் குறு நிறுவனங்களும்தான் இங்கே வர முடியும். உத்யம் சான்றிதழை (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுச் சான்று) எடுத்துப் பாருங்கள்: 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு 2.5 கோடியும் விற்றுமுதல் 10 கோடியும் தாண்டாதவர்கள் குறு நிறுவனம். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய நிறுவனம் என்றால் நுகர்வோர் ஆணையம். "வியாபாரிக்கு அங்கே இடமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழப்பை ஈடுகட்ட எடுக்கும் காப்பீடு லாபம் பார்க்கும் காரியம் அல்ல என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் தீர்ப்பாகிவிட்டது. எந்த ஆணையம் என்பதை க்ளெய்ம் தொகை முடிவு செய்வதில்லை. கட்டிய பிரீமியம்தான் கணக்கு. 50 லட்சம் வரை பிரீமியம் என்றால் மாவட்ட ஆணையம், ஆகவே ஏறக்குறைய எல்லாருக்கும் சொந்த மாவட்டமே போதும்.

சட்டப்படி இங்கே இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் பல தீ காப்பீட்டு பாலிசிகளில், மறுப்பு வந்த 12 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் க்ளெய்மைக் கைவிட்டதாகக் கொள்வோம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதனால் மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் கோப்பின் அட்டையில் பெரிதாக எழுதி, பதினோராவது மாதத்தைச் சிவப்பில் குறித்து வையுங்கள்.