ஜப்பானிய மொழியில் பொருள்களை எண்ண ஒரு சுருக்கவழி

ஜப்பானியத்தில் ஒரு பொருளை எண்ணும்போது எண்ணோடு சேர்க்க வேண்டிய எண்ணுச்சொல் நினைவுக்கு வராதபோது, பத்து வரையிலான எண்ணிக்கைக்கு ஹிதொட்சு (ஒன்று), ஃபுதாட்சு (இரண்டு), மிட்சு (மூன்று) என்று தொடங்கும் பழைய வரிசையைப் பயன்படுத்திவிடுங்கள். தாள், சட்டை போன்ற தட்டையானவற்றுக்கு ‘மாய்’, பென்சில், புட்டி போன்ற நீளமானவற்றுக்கு ‘ஹொன்’, புத்தகத்துக்கு ‘சாட்சு’ எனத் தனித்தனியே சேர்க்க வேண்டிய அம்மொழியில், ‘ஹொன்’ என்பதே எண்ணுக்கேற்ப இப்பொன், நிஹொன், சன்பொன் என உருமாறித் தொல்லை தரும். ஆனால் சீனத்திலிருந்து வந்த எண்களுக்கு முந்திய இந்த வரிசையில் ஒன்று முதல் ஒன்பது வரை ‘ட்சு’ என்ற பொது விகுதி எண்ணோடு ஒட்டியே இருப்பதால், வேறெதையும் சேர்க்க வேண்டியதில்லை. பத்துக்கு மட்டும் ‘தோ’ என்று நிற்கும். கடையில் ‘கோஹீ ஓ ஃபுதாட்சு குதாசாய்’ என்றால் போதும். நாம் ‘காப்பி ரெண்டு கொடுங்க’ என்று பொருளை முன்னும் எண்ணைப் பின்னும் வைக்கும் அதே வரிசைதான், ஆகவே தமிழருக்கு இது நாவில் எளிதாகவே படியும்.

மனிதர்களுக்கு இது ஒருபோதும் ஆகாது: நம் ஒருவர், இருவர், மூன்று பேர் போல அங்கே ஹிதொரி, ஃபுதாரி, சன்னின் என்றே சொல்ல வேண்டும். விலங்குகள், பணம், மணி ஆகியவற்றுக்கும் பொருந்தாது. பத்தைத் தாண்டினால் வரிசையே கிடையாது. தேர்வில் குறிப்பிட்ட எண்ணுச்சொல்லைக் கேட்டிருந்தால், அதை மனப்பாடம் செய்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.