கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அந்த மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு கைகளை மட்டும் வெளியே நீட்டும், நட்சத்திர மீனுக்கு உறவான நொறுங்கு நட்சத்திரம் என்ற உயிரியைத் தேட, என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது.

வாடை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு போங்கள். கடலோடு சேரும் வாவிக்குள் தேட வேண்டாம். உடம்பின் உப்பைச் சமப்படுத்தும் உறுப்பு இதற்கு இல்லை. மாரி மழையில் வாவித் தண்ணீர் நன்னீராக மாறினால் தாங்காது. நான் படிக்கிற காலத்தில் ஒன்றைச் சேறு போகட்டும் என்று கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். கைகள் துண்டு துண்டாகக் கழன்றன. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. ஆகவே வாளியில் கடல் தண்ணீர் மட்டும்தான்.

பொழுது சாயும் நேரம் நல்லது. மீன்கள் கடித்துவிடும் என்பதால் பல இனங்கள் இருட்டிய பிறகுதான் கைகளை அதிகம் வெளியே விடும். திருக்கை கிடக்கலாம், காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடவுங்கள்.

கடற்புல் ஓரத்தில், மணலிலிருந்து நூல்போல இரண்டு மூன்று எழும்பி ஆடுகிறதா? அசையாமல் நில்லுங்கள். அந்தக் கையின் இரு பக்கமும் சின்னக் குழாய்க்கால்கள் இருக்கும். அவை சளியால் தண்ணீரில் மிதக்கும் துகள்களை ஒட்டிப் பிடித்து, உருண்டையாக்கி, ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கீழே வாய்க்கு அனுப்பும். கழிவும் அதே வாயால்தான் வெளியேறும். மற்றக் கைகள் குழிக்குள் அசைந்து புதுத் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. அதனால் மணலுக்கும் ஒட்சிசன் கிடைக்கிறது. வட ஐரோப்பியக் கடல்களின் சேற்றில் வாழும் அம்பியூரா பிலிபோர்மிஸ் என்ற இனம் ஒரு சதுர மீற்றருக்குள் ஆயிரத்துக்கு மேலும் இருக்குமாம். அத்தனையும் சேறு கிளறும் கைகள்!

எடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஒன்று போதும். கையைப் பிடித்து இழுத்தால் அதை அறுத்து விட்டுவிட்டு உடல் உள்ளேயே இருந்துவிடும். கை திரும்ப வளரும், சரி, ஆனால் அதற்கு எவ்வளவு உணவும் நாளும் செலவு! பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி இரு உள்ளங்கைகளையும் மணலுக்குள் விட்டு, கட்டியாக அள்ளுங்கள். மா அரிக்கும் அரிதட்டில் வைத்து, தண்ணீருக்குள்ளேயே மெல்ல ஆட்டுங்கள். பட்டாணி அளவு தட்டு ஒன்றும் (அதுதான் உடல்), அதைவிடப் பல மடங்கு நீண்ட ஐந்து கைகளும் மிஞ்சும்.

பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வாய் கீழே இருக்க வையுங்கள். குழாய்க்கால்கள் அடிமணலைப் பக்கங்களுக்குத் தள்ளத் தள்ள, தட்டு நேராகக் கீழே இறங்கும். கடைசியில் கைநுனிகள் மட்டும் வெளியே நிற்கும். அதுவரை ஒருவரும் அந்த இடத்தை மிதிக்காதபடி நான் பக்கத்திலேயே நிற்பேன்.